கைராசியும் கையொப்பமும்

1960களில் பம்பலப்பிட்டியில் காய்ச்சல் கண்டவர் டிஸ்பென்சரிக்குப் போகும்போது வீட்டிலிருந்து ஒரு கண்ணாடிப் போத்தலைக் கழுவி எடுத்துக்கொண்டு போவார். டொக்டர் நாடி பிடிப்பார், நாக்கை நீட்டச் சொல்வார், நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்பார், ஒரு துண்டில் ஏதோ எழுதுவார். திரைச்சீலைக்குப் பின்னால் நின்று மருந்து கலக்குபவர் பெரிய சாடியிலிருந்து மிக்சரை அந்தப் போத்தலில் ஊற்றித் தருவார். போத்தலின் பக்கத்தில் ஒரு வெள்ளைக் கடதாசிப் பட்டியை ஒட்டியிருப்பார்கள். அதன் ஓரம் பல்லுப் பல்லாக வெட்டப்பட்டிருக்கும். ஒரு பல் ஒரு வேளை. மருந்தின் பெயர் அதில் இராது. எப்போது செய்தது, எதுவரை வைத்திருக்கலாம் என்பதும் இராது. வாங்கிப் போகிறவர் கேட்கவும் மாட்டார்.

கேட்காததற்கு அறியாமை மட்டும் காரணமல்ல. காலி வீதிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட ஒழுங்கைகளில் இருந்த குடும்பங்களை அந்த டொக்டருக்குப் பெயர் பெயராகத் தெரியும். தாத்தாவுக்குச் சலரோகம், அம்மாவுக்கு இழுப்பு, மூத்தவனுக்குப் பென்சிலின் ஒத்துக்கொள்ளாது என்பதெல்லாம் அவர் மனதில் இருந்தது. அந்த மனம்தான் அன்றைய மருத்துவப் பதிவேடு. காசு குறைந்தால் "பிறகு தாங்கோ" என்பார். இராவில் கதவைத் தட்டினால் பையோடு வருவார். அப்படிப்பட்டவரைக் கைராசிக்காரர் என்று ஊர் சொன்னது. அவரிடம் போய் "ஏன் இந்த மருந்து?" என்று கேட்பது அவரைச் சந்தேகிப்பதாகும் என்று மக்கள் நினைத்தார்கள்.

அந்த நம்பிக்கையை நான் குறைவாக மதிக்கவில்லை. இன்றைக்கு எவ்வளவு காசு கட்டினாலும் கிடைக்காத ஒன்று அது. ஆனால் அதன் நிழலில் எவ்வளவோ துன்பம் பெயரில்லாமல் புதைந்துபோனது என்பதையும் சொல்லியாக வேண்டும். ஊசி போட்ட கையோடு ஒருவர் துடித்து விழுந்தால் "ஊசி ஒத்துக்கொள்ளேல்லை" என்றார்கள். பிரசவத்தில் பிள்ளை மூச்சுத் திணறிப் பிறந்து, நடக்காமலும் பேசாமலும் வளர்ந்தால் தாயின் கர்மவினை என்றார்கள். ஒப்பரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்தவருக்கு மாதக்கணக்கில் வயிறு நொந்தால் "உடம்பு வலுவில்லை" என்றார்கள். காயங்கள் அன்றும் இருந்தன. அவற்றைக் கவனயீனம் என்று அழைக்கும் வழக்கம் மட்டும் இருக்கவில்லை.

கதவில்லாத காலம்

வழக்கம் இருந்திருந்தாலும் போய்த் தட்டுவதற்குக் கதவு இருக்கவில்லை. கொழும்பில் பெரும்பாலானோர் பெரிய வருத்தத்துக்குப் போனது பெரியாஸ்பத்திரிக்குத்தான். 1864இல் தொடங்கிய அந்தப் பொது மருத்துவமனையும், 1879இல் வந்த டி சொய்சா மகப்பேற்று மருத்துவமனையும், 1895இல் வந்த லேடி ரிட்ஜ்வே குழந்தைகள் மருத்துவமனையும் அரசுக்குச் சொந்தமானவை. அரசின் மீது தீங்குக்கான நட்டஈட்டு வழக்குப் போட இலங்கைச் சட்டம் இடம் கொடுக்கவில்லை. 1969ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கச் சட்டம் வந்த பிறகுதான், அரச ஊழியர் ஒருவரின் கவனயீனத்துக்கு அரசு பொறுப்பேற்க வேண்டும் என்ற நிலை ஏற்பட்டது. அதற்கு முன், அரச மருத்துவமனையில் ஒருவர் கையிழந்தால், தவறு செய்த தனி ஆளைத்தான் தேடிப்பிடித்து வழக்காட வேண்டும். வாட்டில் நின்ற ஏழை நோயாளிக்கு அது எட்டாக் கனி.

கதவு திறந்த பிறகும் படிகள் செங்குத்தாகவே இருந்தன, இன்றும் இருக்கின்றன. அரசின் மீது வழக்கிடுவதற்கு ஒரு மாதம் முன்பே சட்டமா அதிபருக்கு எழுத்தில் அறிவித்தல் கொடுக்க வேண்டும். 1871ஆம் ஆண்டின் காலவதியாதல் கட்டளைச் சட்டத்தின்படி, இவ்வகை நட்டஈட்டு வழக்கை இரண்டு ஆண்டுகளுக்குள் தாக்கல் செய்துவிட வேண்டும். துக்கம் ஆறி, உடம்பு தேறி, நடந்தது என்ன என்று விளங்கிக்கொள்வதற்குள் அந்த இரண்டு ஆண்டும் ஓடிவிடுகின்றன. 1871இல் கொழும்புக்குத் துறைமுக அலைதாங்கி கூடக் கட்டப்பட்டிருக்கவில்லை. அந்தக் காலத்துக் கணக்கு இன்றைய சிக்கலான மருத்துவத்துக்கு எப்படிப் போதும்?

பதிவேடு கப்பல் ஏறிய கதை

தமிழருக்கு எதிரான 1983 ஜூலை வன்செயலுக்குப் பிறகு பம்பலப்பிட்டியும் வெள்ளவத்தையும் பழையபடி இருக்கவில்லை. வீடுகள் எரிந்தன. பல தமிழ் டொக்டர்மார் இங்கிலாந்துக்கும் அவுஸ்திரேலியாவுக்கும் கனடாவுக்கும் போனார்கள். அவர்களோடு, குடும்பம் குடும்பமாக அவர்கள் மனதில் வைத்திருந்த நோய் வரலாறும் போனது. எழுதி வைக்காத பதிவேட்டின் குறை அன்றுதான் தெரிந்தது. புதிய டொக்டரிடம் போன அம்மாவால், இருபது வருடமாக என்ன குளிசை விழுங்கினேன் என்று சொல்ல முடியவில்லை. "ஒரு வெள்ளைக் குளிசை, காலையில் ஒண்டு" என்பதுதான் அவரிடம் இருந்த விவரம்.

அதே ஆண்டுகளில் மருத்துவம் வேறொரு திசையில் வளர்ந்தது. கொள்ளுப்பிட்டியில் 1945 முதலே டேர்டன்ஸ் இருந்தது. 1977இல் பொருளாதாரம் திறக்கப்பட்ட பிறகு தனியார் மருத்துவமனைகள் பெருகின. 1985இல் கொம்பனித்தெருவில் நவலோக்க வந்தது. மாலையில் நிபுணர்களை 'சனல்' பண்ணிப் பார்ப்பது கொழும்பு வாழ்க்கையின் பகுதியானது. போர்க்காலத்தில் வடக்கிலிருந்தும் கிழக்கிலிருந்தும் நோயாளிகள் வெள்ளவத்தை லொட்ஜுகளில் வந்து தங்கி, நிபுணரைப் பார்த்து, ஸ்கேன் எடுத்து, ஊர் திரும்பினார்கள். திரும்பிய பிறகு தையல் பழுத்தாலோ மருந்து ஒவ்வாமல் போனாலோ மறுபடி வர வழியில்லை. பாதை மூடியிருக்கும், அல்லது பொலிஸ் பதிவு கேட்கும்.

இன்று அந்த டிஸ்பென்சரிகள் நின்ற இடங்களில் பல மாடிக் கட்டடங்கள் நிற்கின்றன. சனல் நம்பர் போனிலேயே வருகிறது. நிபுணர் ஒரு நோயாளிக்குக் கொடுப்பது சில நிமிடம். பத்து வருத்தம் உள்ள ஒருவர் நாலு நிபுணரைப் பார்க்கிறார். நாலு பேரும் நாலு மருந்துத் துண்டு எழுதுகிறார்கள். அவற்றை ஒன்றாக வைத்துப் பார்ப்பவர் பெரும்பாலும் பார்மசியில் நிற்கும் பிள்ளைதான், அல்லது யாருமில்லை. அன்று தெரிந்தவர் ஒருவர் எல்லாவற்றையும் மனதில் வைத்திருந்தார். இன்று எல்லாம் எழுத்தில் இருக்கிறது, ஆனால் முழுவதையும் அறிந்தவர் இல்லை. தவறுகள் பெரும்பாலும் இந்த இடைவெளியில்தான் நுழைகின்றன.

ஒரு தந்தையின் வழக்கு

இலங்கையில் மருத்துவக் கவனயீனம் பற்றிப் பேசும்போது எந்தச் சட்டத்தரணியும் முதலில் சொல்வது பிரியானி சொய்சா எதிர் ரியென்சி அர்சகுலரத்ன வழக்கு. வழக்கிட்டவர் சட்டமா அதிபர் திணைக்களத்தில் பணியாற்றிய சட்டத்தரணி. எதிராளி, நாட்டின் முதன்மையான குழந்தை மருத்துவப் பேராசிரியர்களில் ஒருவர். 1992இல் அந்தத் தந்தையின் சிறு மகளுக்குக் கைகால்கள் தள்ளாடின. வாதக்காய்ச்சலோடு வரும் கோரியா என்ற நோய் என்று முடிவு செய்யப்பட்டது. பிறகு எடுத்த சீடி ஸ்கேனில் மூளைத்தண்டில் கட்டி இருப்பது தெரிந்தது. குழந்தை இறந்துபோனது.

மாவட்ட நீதிமன்றம் தந்தைக்கு 50 இலட்சம் ரூபாய் நட்டஈடு தீர்த்தது. 1999இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் அதை இரண்டரை இலட்சமாகக் குறைத்தது. 2001இல் உயர் நீதிமன்றம் வழக்கையே தள்ளுபடி செய்தது. அந்தத் தீர்ப்பு சொன்ன இரண்டு விஷயங்கள் இந்த நாட்டு நோயாளிகள் எல்லோரையும் பாதித்தன.

ஒன்று: கவனயீனம் இருந்தால் மட்டும் போதாது, அந்தக் கவனயீனத்தால்தான் சாவு நேர்ந்தது என்று காட்ட வேண்டும். நேரத்தோடு கண்டுபிடித்திருந்தாலும் காப்பாற்றியிருக்க முடியாத நோய் என்றால் வழக்கு நில்லாது. இது கடினமான விதி, ஆனால் உலகெங்கும் உள்ளதுதான். மற்றது: இலங்கையில் நடைமுறையில் உள்ள உரோம-டச்சுச் சட்டத்தின்படி, ஒருவரின் சாவினால் நேர்ந்த, பணத்தில் கணக்கிடக்கூடிய இழப்புக்கே அன்று நட்டஈடு இருந்தது. உழைத்துத் தந்தவர் இறந்தால் கணக்குப் போடலாம். மூன்று நாலு வயதுப் பிள்ளை யாருக்கும் உழைத்துத் தரவில்லை. ஆகவே அந்தப் பிள்ளையின் சாவுக்குப் பெற்றோர் கேட்கக்கூடிய தொகை சட்டத்தின் கண்ணில் அனேகமாக ஒன்றுமில்லை. மகளை இழந்த வலிக்கு ஒரு சதமும் இல்லை.

சட்டத்தை நன்றாக அறிந்த, வழக்காடும் வசதியும் இருந்த ஒருவர் ஏறக்குறைய ஒன்பது ஆண்டு போராடிக் கண்ட முடிவு இது. முகத்துவாரத்துத் தொழிலாளிக்கோ கொட்டாஞ்சேனைத் தையல்காரிக்கோ அது சொன்ன செய்தி தெளிவானது: நீதிமன்றப் பக்கம் வராதே.

அந்தச் சுவரில் ஒரு பகுதி இடிந்தது 2019இல். ஆளொருவரின் இறப்புக்கான சேதவீட்டை அறவிடுதல் பற்றிய 2019ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கச் சட்டம் வந்தபோது, இன்னொருவரின் தவறான செயலால் உறவு ஒன்றை இழந்த பெற்றோர், கணவன், மனைவி, பிள்ளைகள் முதலான நெருங்கிய உறவினர், அன்பையும் துணையையும் பராமரிப்பையும் இழந்ததற்காகவும் நட்டஈடு கேட்க வழி பிறந்தது. பிள்ளையின் உயிருக்குச் சட்டம் முதல் முறையாக ஒரு மதிப்பை ஒப்புக்கொண்டது. இந்தச் சட்டம் இருப்பதே பலருக்குத் தெரியாது. பம்பலப்பிட்டியில் எத்தனை வீட்டில் கேட்டாலும் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள்தான் தெரியும் என்பார்கள்.

காயங்களின் வகை

நோயாளிகள் எதற்காக முறையிடுகிறார்கள் என்று பார்த்தால் உலகெங்கும் அனேகமாக ஒரே பட்டியல்தான் வரும்.

முதலாவது, நோயைத் தவறாகக் கணிப்பது அல்லது கணிக்கத் தாமதிப்பது. நெஞ்சுவலியை வாய்வு என்று சொல்லி அனுப்புவதும், டெங்குவைச் சாதாரணக் காய்ச்சல் என்று வீட்டுக்கு அனுப்புவதும் இந்த வகை. அன்று ஸ்கேன் இல்லை என்று சொல்லிக்கொள்ளலாம். இன்று ஸ்கேன் இருக்கிறது, எடுத்த ரிப்போட்டை யாரும் திறந்து பார்க்காமல் கிடக்கும் ஆபத்தும் இருக்கிறது.

இரண்டாவது, சத்திரசிகிச்சைத் தவறு. தவறான பக்கத்தை வெட்டுவது, வயிற்றுக்குள் துணியை வைத்துத் தைப்பது, பக்கத்து உறுப்பைக் காயப்படுத்துவது. 2022 டிசம்பரில் லேடி ரிட்ஜ்வே மருத்துவமனையில், இயங்காத இடது சிறுநீரகத்தை அகற்றச் சத்திரசிகிச்சை செய்யப்பட்ட மூன்று வயதுக் குழந்தைக்குப் பிறகு இரண்டு சிறுநீரகங்களுமே இல்லை என்று தெரியவந்தது. குழந்தை 2023 ஜூலையில் இறந்தது. கொழும்பே அன்று உறைந்துபோனது. இவ்வகைத் தவறுகளைத் தடுக்க வழி தெரியாத காலம் இல்லை இது. 2008இல் உலக சுகாதார நிறுவனம் ஒரு சரிபார்ப்புப் பட்டியல் வெளியிட்டது. மயக்க மருந்துக்கு முன் ஒரு முறை, கத்தி வைக்கும் முன் ஒரு முறை, நோயாளி தியேட்டரை விட்டுப் போகும் முன் ஒரு முறை, எல்லோரும் வேலையை நிறுத்தி உரத்துச் சரிபார்க்க வேண்டும்: ஆள் யார், எந்தப் பக்கம், துணிகளின் எண்ணிக்கை சரியா. உலகின் எட்டு நகரங்களில் இதைச் செய்து பார்த்தபோது, சத்திரசிகிச்சைக்குப் பின் நேரும் சாவு நூற்றுக்கு 1.5இலிருந்து 0.8ஆகக் குறைந்ததாக 2009இல் வெளியான ஆய்வு காட்டியது. செலவு ஒரு தாளும் இரண்டு நிமிடமும்.

மூன்றாவது, மருந்துத் தவறு. மிக்சர் போத்தலில் பெயர் இல்லாத காலம் போய், இன்று ஒவ்வொரு குப்பியிலும் பெயர், தொகுதி இலக்கம், காலாவதித் தேதி எல்லாம் அச்சாகி இருக்கின்றன. ஆனால் 2023 இலங்கை நோயாளிகளுக்கு மறக்க முடியாத ஆண்டானது. ஏப்ரலில் இறக்குமதி செய்யப்பட்ட பிரெட்னிசலோன் கண்மருந்து விட்டுக்கொண்ட நோயாளிகள் பலருக்குக் கண்ணில் கிருமித்தொற்று ஏற்பட்டது. சிலர் பார்வை இழந்தார்கள். ஜூலையில் பேராதனை வைத்தியசாலையில் நுண்ணுயிர்க்கொல்லி ஊசி ஏற்றப்பட்ட 21 வயது யுவதி உயிரிழந்தார். அதே ஆண்டில் இம்யூனோகுளோபுலின் என்ற பெயரில் வந்த போலி ஊசிமருந்துகள் பிடிபட்டன. அந்த விவகாரத்தில் முன்னாள் சுகாதார அமைச்சர் கெஹெலிய ரம்புக்வெல்ல 2024 பெப்ரவரியில் கைது செய்யப்பட்டார். தவறு வாட்டுக்குள் மட்டும் இல்லை, கொள்முதல் மேசையிலும் பிறக்கும் என்று மக்கள் கண்டுகொண்டார்கள்.

நான்காவது, பராமரிப்புக் குறை. ஊசி ஏற்றிய இடம் வீங்கிச் சிவந்தும் பார்க்காமல் விடுவது, கிருமித்தொற்றைக் கவனிக்காதது, கட்டிலிலிருந்து விழ விடுவது. 2023 செப்டெம்பரில் யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையில் காய்ச்சலுக்காகச் சேர்க்கப்பட்ட எட்டு வயதுச் சிறுமியின் இடது கை அகற்றப்பட வேண்டியதாயிற்று. கையில் ஏற்றிய கனுலாவோடு தொடங்கிய சிக்கல் அது. விவகாரம் நீதிமன்றத்துக்குப் போனது. காய்ச்சலுக்குப் போன பிள்ளை கையில்லாமல் வீடு திரும்புவதை எந்தத் தாயால் விளங்கிக்கொள்ள முடியும்?

ஐந்தாவது, பிரசவக் காயங்கள். சிசேரியன் செய்யத் தாமதித்து மூச்சுத் திணறிப் பிறக்கும் பிள்ளை, நிற்காத இரத்தப்போக்கு, குறைமாதப் பிள்ளையின் கண்ணைப் பரிசோதிக்காமல் விடுவது. இந்தக் கடைசி வகைக்குச் சென்னை எழும்பூர் அரச மருத்துவமனையில் 1996இல் பிறந்த குழந்தையின் வழக்கு சான்று. குறைமாதக் குழந்தைகளின் விழித்திரையில் வரும் நோயைப் பற்றிப் பெற்றோருக்கு எச்சரிக்கை தரப்படவில்லை. பிள்ளை பார்வை இழந்தது. 2015இல் இந்திய உச்ச நீதிமன்றம் ஏறத்தாழ 1.8 கோடி இந்திய ரூபாய் நட்டஈடு தீர்த்தது. பத்தொன்பது ஆண்டு பிடித்தாலும், அரச மருத்துவமனையும் பதில் சொல்ல வேண்டும் என்று அந்தத் தீர்ப்பு நிலைநாட்டியது.

ஆறாவது, சம்மதம். இதைத் தனியாகப் பேச வேண்டும்.

கையொப்பம் இடும் மேசை

கொழும்பில் ஒரு தனியார் மருத்துவமனையின் அனுமதி மேசையை நினைத்துப் பாருங்கள். முற்பணம் கட்டிய பற்றுச்சீட்டோடு இரண்டு மூன்று படிவங்கள் நீட்டப்படுகின்றன. எழுத்து சிறியது, மொழி ஆங்கிலம். "இதில சைன் பண்ணுங்கோ அம்மா, இதிலயும்" என்று விரல் வைத்துக் காட்டுகிறார்கள். கணவன் உள்ளே கட்டிலில் கிடக்கிறார். மனைவி வாசிக்காமல் கையொப்பம் இடுகிறார். அவர் சம்மதித்தது எந்த ஒப்பரேஷனுக்கு, அதன் ஆபத்து என்ன, செய்யாமல் விட்டால் என்ன, வேறு வழி உண்டா என்று எதுவும் அவருக்குச் சொல்லப்படவில்லை.

அரச வாட்டுகளில் இன்னொரு தடை. தமிழ் 1987 முதல் அரசியலமைப்பில் அரசகரும மொழி. ஆனாலும் கொழும்பு வாட்டில் ஒரு தமிழ்ப் பாட்டிக்கு நோய் விளக்கம் பெரும்பாலும் பேரப்பிள்ளையின் வாய் வழியாகவோ பக்கத்துக் கட்டில் நோயாளியின் வாய் வழியாகவோதான் வருகிறது. "வயித்தில சின்னக் கட்டியாம், வெட்டோணுமாம்" என்று நாலு சொல்லில் சுருங்கிய விளக்கத்துக்குப் பாட்டி தலையாட்டுகிறார். அந்தத் தலையாட்டல் சம்மதம் ஆகிவிடுகிறது.

அன்று கைராசியில் நம்பிக்கை வைத்துப் போனவருக்கு யாரும் விளக்கவில்லை. இன்று கையொப்பம் வாங்கிக்கொள்கிறார்கள், ஆனால் விளக்கம் இன்னும் வரவில்லை. 2015இல் பிரித்தானிய உச்ச நீதிமன்றம் மொன்ட்கொமரி வழக்கில் சொன்னது இதற்கு அளவுகோல் ஆகலாம்: அந்த நோயாளியின் இடத்தில் இருக்கும் நியாயமான ஒருவர் பெரிதாக எண்ணக்கூடிய ஆபத்து எதுவோ, அதை மருத்துவர் சொல்லியாக வேண்டும்.

கோபத்தின் காலம்

இன்று மக்கள் கேட்கிறார்கள். கையில் போன் இருக்கிறது. வாட்டில் நடப்பதைப் பதிவு செய்கிறார்கள். 2024 ஜூலையில் மன்னார் மாவட்டப் பொது வைத்தியசாலையில், பிரசவத்துக்குப் பின்னான இரத்தப்போக்கோடு வந்த இளந்தாய் ஒருவர் இறந்தபோது ஊரே வாசலில் திரண்டது. விசாரணை வந்தது, பணியாளர் சிலர் இடைநிறுத்தப்பட்டார்கள். அதே கோடையில் சாவகச்சேரி வைத்தியசாலையின் குறைகளும் தெருவுக்கு வந்தன.

இந்தக் கோபம் நியாயமானது. பல பதில்களை அதுதான் வெளியே இழுத்தது. ஆனால் அதற்கு ஒரு விலையும் உண்டு. போனுக்குப் பயந்த மருத்துவர் வாயை மூடிக்கொள்கிறார். தேவையில்லாத ஸ்கேன் எழுதுகிறார். ஆபத்தான நோயாளியை வேறு வைத்தியசாலைக்கு மாற்றிவிடுகிறார். 2022இன் பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு நூற்றுக்கணக்கான மருத்துவர்கள் நாட்டை விட்டுப் போனார்கள். எஞ்சியவர்கள் இரண்டு பேரின் வேலையைச் செய்கிறார்கள். களைத்த ஆள் செய்த தவறுக்கும், கவலைப்படாத ஆள் செய்த தவறுக்கும் வித்தியாசம் காணத் தெரியாத கோபம் கடைசியில் நோயாளிக்குத்தான் கேடு.

கோபத்தோடு போகிறவருக்கு இன்று இருக்கும் வழிகளும் குறுகியவை. தண்டனைச் சட்டக்கோவையின் 298ஆம் பிரிவு, கவனயீனத்தால் சாவு விளைவித்தவருக்கு ஐந்து ஆண்டு வரை சிறை என்கிறது. ஆனால் அது குற்றவாளியைத் தேடும், குடும்பத்துக்கு விளக்கம் தராது. இலங்கை மருத்துவப் பேரவை ஒரு மருத்துவரின் பெயரைப் பதிவேட்டிலிருந்து நீக்கலாம், நட்டஈடு கொடுக்க முடியாது. மாவட்ட நீதிமன்றத்துக்குப் போனால் இன்னொரு மருத்துவர் வந்து "இது தவறு" என்று சாட்சி சொல்ல வேண்டும். எல்லோரும் எல்லோருக்கும் தெரிந்த சின்ன நாட்டில், தன் ஆசிரியருக்கோ சக மாணவருக்கோ எதிராகச் சாட்சி சொல்ல முன்வருபவர் அரிது. தனியார் மருத்துவமனையில் என்றால், மருத்துவமனை டொக்டரைக் காட்டும், டொக்டர் மருத்துவமனையைக் காட்டுவார். இந்தியாவில் 1995இல் சாந்தா வழக்கின் தீர்ப்பு மருத்துவச் சேவையை நுகர்வோர் நீதிமன்றத்துக்குள் கொண்டுவந்தது. அப்படியொரு எளிய கதவு நமக்கு இன்னும் திறக்கவில்லை.

ஒரு விஷயத்தில் நம் குடும்பங்களும் தடையாகிறோம். சந்தேகமான சாவு நேரும்போது, "உடம்பை வெட்ட விடாதேங்கோ, பொழுதுபடுவதற்குள் எடுக்கோணும்" என்று பெரியவர்கள் சொல்கிறார்கள். அன்றே பொரளை கனத்தையில் தகனம் முடிந்துவிடுகிறது. முஸ்லிம் குடும்பங்களில் அடக்கம் இன்னும் வேகமாக நடக்கும். பிரேதப் பரிசோதனை இல்லாமல் போனால் உண்மையும் அதோடு போய்விடும். சந்தேகம் இருந்தால், உடலைப் பொறுப்பேற்கும் முன்பே பொலிஸிடமும் வைத்தியசாலைப் பணிப்பாளரிடமும் சொல்லி, மரண விசாரணையும் சட்ட வைத்திய அதிகாரியின் பரிசோதனையும் கேட்க வேண்டும். துக்கத்தின் நடுவில் இது கடினம் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் கேட்க வேண்டும்.

நமக்குத் தெரிந்த வழி

இந்த நாட்டுக்கு இதற்கான வழி தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. 1940களின் தொடக்கத்தில் இங்கே ஒரு இலட்சம் பிரசவத்துக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட தாய்மார் இறந்தார்கள். இன்று அது முப்பது அளவில் நிற்கிறது, தெற்காசியாவில் மிகக் குறைந்த எண்ணிக்கைகளில் ஒன்று. மருத்துவிச்சிகளும் மகப்பேற்று மருத்துவமனைகளும் இரத்த வங்கிகளும் அதற்குக் காரணம். இன்னொரு காரணமும் உண்டு. இலங்கையில் எந்தத் தாய் இறந்தாலும் அந்தச் சாவு அறிவிக்கப்பட்டு, சம்பந்தப்பட்ட எல்லோரும் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து, எந்த இடத்தில் எது பிழைத்தது என்று ஆராய்கிறார்கள். யாரைப் பிடித்து உள்ளே போடலாம் என்பது அங்கே கேள்வியல்ல. அடுத்த தாயை எப்படிக் காப்பாற்றுவது என்பதே கேள்வி. பல பத்தாண்டுகளாக நடக்கும் இந்த வழக்கம் ஆயிரக்கணக்கான தாய்மாரைக் காப்பாற்றியிருக்கிறது.

அதில் குறை ஒன்றுதான்: ஆராய்ந்து கண்டது குடும்பத்துக்குப் போய்ச் சேர்வதில்லை. மன்னாரில் மக்கள் தெருவுக்கு வந்ததும் அதனால்தான். இந்த வழக்கத்தை எல்லாக் கடுமையான மருத்துவக் காயத்துக்கும் விரிக்க வேண்டும். முடிவை நோயாளிக்கோ குடும்பத்துக்கோ அவர்களுடைய மொழியில், எழுத்தில், குறித்த நாளுக்குள் கொடுக்க வேண்டும். நியூசிலாந்து 1974 முதல், யார் தவறு என்று வழக்காட வைக்காமலே காயப்பட்டவருக்குப் பொது நிதியத்திலிருந்து ஈடு கொடுக்கிறது. சுவீடன் 1975 முதல் நோயாளிக் காப்புறுதி நடத்துகிறது. இலவச மருத்துவத்தைப் பெருமையாகச் சொல்லும் நாம், இலவச மருத்துவத்தால் காயப்பட்டவரைத் தாங்கவும் ஒரு நிதியம் வைக்க வேண்டும். இரண்டு ஆண்டு எல்லையை, காயத்தின் காரணம் தெரியவந்த நாளிலிருந்து எண்ணும்படி மாற்ற வேண்டும்.

சட்டம் வரும்வரை நாம் செய்யக்கூடியவையும் உண்டு. வீட்டில் ஒவ்வொருவருக்கும் ஒரு கொப்பி வையுங்கள். மருந்தின் பெயர், அளவு, ஒவ்வாமை, ஒப்பரேஷன், ஸ்கேன் எல்லாம் தேதியோடு அதில் இருக்கட்டும். வைத்தியசாலையை விட்டு வரும்போது டயக்னோசிஸ் கார்ட்டை வாங்காமல் வராதீர்கள், வாங்கியதும் ஒரு பிரதி எடுத்து வையுங்கள். அரச வைத்தியசாலையில் உங்களுடைய சொந்தப் பதிவுகளை 2016ஆம் ஆண்டின் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்கலாம். கையொப்பம் இடும் முன் நாலு கேள்வி கேளுங்கள்: என்ன செய்யப் போகிறீர்கள், ஏன், ஆபத்து என்ன, வேறு வழி உண்டா. தமிழில் சொல்ல ஆள் வேண்டும் என்றால் தமிழில் சொல்லுங்கள் என்று கேளுங்கள். அது சலுகை கேட்பதல்ல, உரிமை.

நல்ல டொக்டர் இந்தக் கேள்விகளால் கோபப்பட மாட்டார். பம்பலப்பிட்டி ஒழுங்கைகளில் இரவில் பையோடு நடந்த அந்தத் தலைமுறைக்கு இருந்த அன்பு இன்றைய மருத்துவர் பலரிடமும் இருக்கிறது. அதோடு கேட்கும் உரிமையும் எழுத்தில் பதில் சொல்லும் கடமையும் சேர்ந்தால்தான் நோயாளிக்குப் பாதுகாப்பு. ஒரு தாய் இறந்தால் காரணத்தைத் தேடிக் கண்டுபிடிக்க இந்த நாட்டுக்குத் தெரியும். ஒரு பிள்ளையின் கை போனால் காரணத்தைத் தேடி, அதன் தாயிடம் உட்கார்ந்து சொல்லவும் முடியும். அதைக் கட்டாயமாக்கும் சட்டத்தை நாம்தான் கேட்டு வாங்க வேண்டும்.